மங்கையின் நிறைக்குச் சதம்

இருபத்தாறு வருஷம் நான் மற்றவர்களுக்குக் காசு மாற்றிக் கொடுத்தேன். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாது என்று உங்கடை அம்மா சொல்வது உண்மை. மறுக்கவில்லை.

ஆனால் போன மாதம் பெரியவன் கொழும்பிலிருந்து வந்து சொன்ன கதைதான் என்னைப் பேனை எடுக்க வைத்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற அவனுக்குப் பயணக் காசோலைப் புத்தகம் ஒன்றைக் கண்ணாடிக்கு அங்காலை இருந்த ஒரு பிள்ளை ஐந்து நிமிஷத்தில் எழுதி நீட்டினாளாம். "அப்பா, உந்த ஐஞ்சு நிமிஷ வேலைக்கோ நீங்கள் இருபத்தாறு வருஷம் இருந்தனீங்கள்?" என்று அவன் கேட்க, சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். நான் அப்போது தேத்தண்ணியைக் குடித்தேன். இப்போது எழுதுகிறேன். எல்லாரும் இருந்து வாசியுங்கோ. கொட்டாவி விடுகிறவர்கள் எழும்பிப் போகலாம்.

எஸ்.எஸ்.சி. சோதனையை நான் இரண்டு தரம் எடுத்தேன். முதல் தரம் இங்கிலீஷ் போனது. இரண்டாம் தரம் இங்கிலீஷோடு பூமிசாத்திரமும் போனது. மூன்றாம் தரம் எடுத்தால் இன்னும் என்னென்ன போகுமோ என்று பயந்து, உங்கடை அப்பப்பா ஐம்பத்தாறாம் ஆண்டு என்னை யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் பியோனாகச் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம் பேரேடு சுமந்தேன், மைக்கூடு நிரப்பினேன், நோட்டுக் கட்டுகளுக்கு நூல் கட்டினேன். பிறகு பலாலி விமான நிலையத்தில் வங்கி போட்டிருந்த மேசைக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்றார்கள். இணுவிலிலிருந்து பலாலிக்குச் சைக்கிள் உழக்கச் சம்மதித்தவன் நான் ஒருவன்தான். பயிற்சி அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அந்த வேலை நிரந்தரமாகும், அதுக்கிடையில் பிழை விட்டால் திரும்பி வந்து நூல் கட்டலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் காலத்தில் பலாலியிலிருந்து இரட்டை எஞ்சின் போட்ட சின்ன விமானம் ஒன்று திருச்சிக்குப் போய்வரும். சீலை எடுக்கப் போகிறவர்கள், சிதம்பரம் போகிறவர்கள், பழனி போகிறவர்கள், சும்மா படம் பார்க்கப் போய்விட்டுச் சிதம்பரம் போனதாகச் சொல்லுகிறவர்கள், எல்லாரும் அதில்தான். இலங்கைக் காசைக் கொண்டுபோக ஓர் அளவு இருந்தது. அதுக்கு மேலே இருப்பதை எங்கடை மேசையில் தந்து, படிவம் நிரப்பி, இந்திய நோட்டாக வாங்க வேண்டும்.

ஒரு சின்னச் சரித்திரமும் சொல்லவேண்டும். இந்திய ரூபாவும் எங்கடை ரூபாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரு காலத்தில் அவர்களுடைய வெள்ளி ரூபாதான் இங்கேயும் ஓடினது. எங்கடை பக்கம் ரூபாவை நூறு சதமாக உடைத்தார்கள். அவர்கள் பதினாறு அணாவாகவே வைத்திருந்துவிட்டு, நான் பலாலிக்குப் போகக் கொஞ்சம் முந்தித்தான் நூறு நயா பைசாவாக உடைத்தார்கள். ரூபாவுக்கு ரூபா ஒன்றுக்கு ஒன்று. ஆனால் உடைத்த துண்டுகளின் கனம் வேறு வேறு. இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு வேணும்.

மேசைக்குப் பொறுப்பு அருளப்பு சேர். சிறாப்பர் என்று சொல்வோமே, காசுக்குப் பொறுப்பானவர், அந்த உத்தியோகம். ஒவ்வொரு நாளும் காலையில் அன்றைய மாற்று விலை தந்தியாக வரும். சேர் அதை உறையோடு மையொற்றித் தாளுக்குக் கீழே வைப்பார். யாராவது "இண்டைக்கு என்ன விலை ஐயா?" என்று கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மையொற்றியைத் தூக்கி, உறையைப் பிரித்து, மற்றவருக்குத் தெரியாமல் பார்த்து, திரும்ப மடித்து வைத்துவிட்டு, இரகசியம் சொல்வதுபோலச் சொல்வார்: "ஒண்டுக்கு ஒண்டு."

நான் அவரோடு இருந்த காலம் முழுக்க அது ஒன்றுக்கு ஒன்றுதான். சேர் ஒரு நாளும் பார்க்காமல் சொன்னதில்லை.

இன்னொரு பழக்கம், வங்கியின் விதிப் புத்தகத்தை வாசிக்கிறதென்றால் எழும்பி நிற்பார். அவர் வேதக்காரர், கோயிலில் சுவிசேஷம் வாசிக்க எழும்புகிற பழக்கமாக்கும். அவர் எழும்பினால் நானும் எழும்புவேன். நாங்கள் இரண்டு பேரும் எழும்பினால் வரிசையில் இருக்கிற பயணிகளும் என்னவோ ஏதோவென்று எழும்பிவிடுவார்கள்.

பின்னாளில் பெரிய பெரிய கூத்தெல்லாம் கண்டேன். அந்த ஒன்றுக்கு ஒன்று குழம்பினது, ஒரே ரூபாவுக்கு இரண்டு விலை வந்தது, ஒரு நாள் ஐம்பது ரூபா நூறு ரூபா நோட்டெல்லாம் செல்லாது என்று சொல்ல, சனம் தலையணையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தது. அவை உங்கடை சரித்திரப் புத்தகத்தில் வரும். மங்கை வரமாட்டாள். அதனால் மங்கையை நான் எழுதுகிறேன்.

என் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று கிழமை இருந்தது. அன்றைக்கு விமானம் புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்க, பருத்தித்துறையிலிருந்து வேலாயுதச் சம்மாட்டியார் வந்தார். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர். இரண்டு கையிலும் இரண்டு மீன் உமல். பனையோலையில் இழைத்த பை, உங்களுக்குத் தெரியும். அவற்றை மேசையில் வைத்தார். மேசை ஒரு பக்கம் சரிந்தது.

"தம்பி, உதை மாத்தித் தாரும்."

"ஐயா, கருவாடு மாத்திறேல்லை."

"கருவாடில்லை. சதம்."

உள்ளே பார்த்தேன். முழுக்க ஒற்றைச் செப்புச் சதம். மணம் மட்டும் கருவாடு.

அவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை, மகள் மங்கை. பதினெட்டு வயது. அவளுக்குப் பின்னால் நாகமுத்தர். நெல்லியடிச் சந்தையில் வெங்காயம் நிறுத்து விற்கிறவர், மங்கைக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தாய்மாமன்.

விஷயம் இதுதான். மங்கைக்குப் பத்து வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து, பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட நேரம், சம்மாட்டியார் கடற்கரையில் நின்று, பிள்ளை எழும்பினால் அவளுடைய நிறைக்குச் சதம் பழனி முருகனுக்குத் தாறன் என்று நேர்ந்தார். பிள்ளை எழும்பினாள். எழும்பினதோடு நிற்காமல் வளரவும் தொடங்கினாள். சம்மாட்டியார் மீன் விற்ற சதமெல்லாம் சேர்த்துக் கிட்டப் போகிற நேரம் அவள் இன்னும் ஐந்து இறாத்தல் கூடிவிடுவாள். இப்படி எட்டு வருஷம் சதமும் பிள்ளையும் ஓட்டப்போட்டி. கடைசியில் சம்மாட்டியார் சாப்பாட்டில் கை வைத்தார். மங்கை இரண்டாம் தரம் சோற்றுக்குக் கை நீட்டினால், "காணும், காணும்" என்று அவர் கையைத் தூக்குவாராம். பிள்ளையில் உயிர் அவருக்கு. ஆனால் முருகனுக்குக் கடன் வைக்கப் பயம்.

கலியாணம் அடுத்த மாதம். நேர்த்தி தீராத பிள்ளைக்குத் தாலி கட்டமாட்டோம் என்று மாப்பிள்ளை வீடு சொல்லிவிட்டது. கண்ணால் கண்டு வர நாகமுத்தரை அனுப்பியிருந்தது.

"ஏன் ஐயா, உங்களிட்டைத்தான் வள்ளம் இருக்கே?" என்று கேட்டேன்.

"உவருக்குக் கடல் ஏலாது" என்று சம்மாட்டியார் நாகமுத்தரைக் காட்டினார்.

"ஆகாயமும் ஏலாது" என்றார் நாகமுத்தர். "உந்தத் தகரத்திலை ஒருக்கா ஏறுவன். ரெண்டாந்தரம் ஏறமாட்டன். இந்தப் பயணத்தோடை நேர்த்தி தீரவேணும், இல்லாட்டிச் சம்பந்தமும் தீர்ந்துது."

அருளப்பு சேர் படிவத்தை எடுத்தார்.

"இதுக்கு முந்தி இந்தியாவுக்குப் போனதுண்டோ?"

"இல்லை" என்றார் சம்மாட்டியார். கடவுச்சீட்டும் புத்தம் புதிதுதான். "ஆனால் ஐயா, வேதாரணியத்திலை வள்ளத்தாலை இறங்கின உடனை ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கு பாருங்கோ..."

சேர் தலை நிமிராமல் 'முதற் பயணம்' என்று எழுதினார்.

சதத்தை எண்ண நேரமில்லை. நூறு சதத்தை எண்ணிக் கடிதத் தராசில் நிறுத்தோம். அரை இறாத்தலுக்குக் கொஞ்சம் மேலே. உமல் இரண்டையும் பெட்டி நிறுக்கிற பெரிய தராசில் ஏற்ற, எண்பத்தெட்டு இறாத்தல் காட்டியது. "சரி" என்றார் நாகமுத்தர். "நேற்று என்ரை வெங்காயத் தராசிலை பிள்ளையும் எண்பத்தெட்டு, சதமும் எண்பத்தெட்டு." பெருக்கிப் பார்த்து, நூற்றறுபத்தொன்பது ரூபாவுக்கு இந்திய நோட்டுகளை நான் நீட்டினேன்.

சம்மாட்டியார் வாங்கவில்லை. நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டுபோய், உமல் இறக்கின பெரிய தராசில் மெதுவாக வைத்தார்.

ஊசி அசையவில்லை.

நாகமுத்தர் குனிந்து, வெங்காயம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "பூச்சியம்."

"தம்பி" என்று சம்மாட்டியார் என்னைக் கேட்டார், "என்ரை பிள்ளை எங்கை?"

பிள்ளைகளே, நான் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஐயா, அங்கை போய்ச் சில்லறையா மாத்தினால் பிள்ளையின்ரை நிறை வரும்" என்றேன். அதோடு நிற்காமல், மேசை லாச்சியில் மாதிரிக்குக் கிடந்த நயா பைசாக்களை எடுத்துக் கடிதத் தராசில் ஒரு பக்கம் போட்டு, மற்றப் பக்கம் எங்கள் சதத்தையும் போட்டேன். இரண்டு சதத்துக்கு மூன்று நயா பைசா போட்டும் சரியாக வரவில்லை. ரூபாவுக்கு ரூபா ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் அவர்களுடைய துண்டு, எங்கடை துண்டைவிட அவ்வளவு இலேசு.

சந்தைக்காரருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. "அப்ப மூண்டிலை ஒரு பங்கு குறையுது" என்றார் நாகமுத்தர். மங்கையைத் தலையிலிருந்து கீழே அளந்துகொண்டு போய் ஓரிடத்தில் நின்றார். "பிள்ளை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலையே முடிஞ்சுது. முருகனுக்குக் காலில்லாத பிள்ளையோ குடுக்கப் போறியள்? எங்கடை வீட்டுக்கு நடந்து வரவேண்டிய பிள்ளை!"

வரிசையில் இருந்த சனம் சிரித்தது. மங்கை தன் காலைக் குனிந்து பார்த்தாள். சிரித்தவர்கள் அவள் கண்ணைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

"அப்பா, வீட்டை போவம்" என்றாள்.

சம்மாட்டியார் உமலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். புயலில் வள்ளம் ஓட்டின மனுஷன். நான் போட்ட மூன்று நயா பைசா அவரை விழுத்திவிட்டது. அந்த நயா பைசாக்களைப் பொறுக்கித் திரும்ப லாச்சிக்குள் போட்டேன்.

அப்போதுதான் அருளப்பு சேர் எழும்பினார்.

நானும் எழும்பினேன். வரிசை எழும்பியது. சம்மாட்டியார் எழும்பித் தோள் சால்வையை இடுப்பில் கட்டினார். சேர் விதிப் புத்தகத்தைத் திறந்து இங்கிலீஷில் ஒரு பக்கம் வாசித்தார். ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். மூடினார்.

"சம்மாட்டியார், நேர்ந்த சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ. கூட்டாமல் குறைக்காமல்."

"பிள்ளை எழும்பினால், அவளின்ரை நிறைக்குச் சதம் பழனி முருகனுக்குத் தாறன் எண்டு."

"எங்கை வைச்சுத் தாறன் எண்டு சொன்னனீங்கள்?"

சம்மாட்டியார் யோசித்தார். "எங்கையெண்டு சொல்லேல்லை ஐயா."

"நாகமுத்தர், முருகன் பழனியிலை மட்டுந்தானோ இருக்கிறார்?"

"அதென்ன கேள்வி? எங்கையும் இருக்கிறார்."

"பலாலியிலும்?"

நாகமுத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இல்லை என்று எப்படிச் சொல்கிறது?

"அப்ப இஞ்சை வைச்சுக் குடுங்கோ" என்றார் சேர். "பிள்ளையை நிறுங்கோ, சதத்தை நிறுங்கோ, சமன் பார்த்து முருகனிட்டை ஒப்படையுங்கோ. நேர்த்தி தீர்ந்துது. அதுக்குப் பிறகு சதம் உங்கடையில்லை, முருகன்ரை. அதை மாத்திறதும் முருகன்தான். நயா பைசா இலேசெண்டால் அந்த நட்டம் அவருக்கு. உங்களுக்கில்லை."

இதைச் சொன்னவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

விமானம் சின்னது என்பதால் அந்த நாளில் ஆட்களையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். மங்கை எப்படியும் தராசில் ஏறத்தான் வேண்டும். ஏறினாள். தராசுக்காரருக்கு நிறையை உரத்துக் கூப்பிடுகிற பழக்கம்.

"தொண்ணூற்றிரண்டு!"

"என்ன?" என்றார் சம்மாட்டியார்.

"தொண்ணூற்றிரண்டு இறாத்தல்!"

"நேற்று எண்பத்தெட்டு" என்றார் நாகமுத்தர். "என்ரை தராசு பொய் சொல்லாது. பிள்ளை, என்ன செய்தனீ?"

மங்கை தராசிலேயே நின்றாள். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. "நேற்றோடை நிறுத்து முடிஞ்சுது எண்டு நினைச்சன்" என்றாள். "விடிய மாமி வீட்டை போனன். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டன்."

"பிட்டு நாலு இறாத்தலோ?"

"பிறகு இடியப்பம்."

"பிறகு?"

"தோசை. பிறகு ஒரு சீப்பு வாழைப்பழம். ரெண்டு செம்பு மோர்."

அத்தனை நாள் பசி, பிள்ளைகளே. ஒரு காலையில் தீர்த்துவிட்டாள்.

"அவளின்ரை சீலையைச் சாக்குக் கழிவு எண்டு கழிக்கலாம்" என்று நாகமுத்தர் சமாதானத்துக்கு வந்தார். வெங்காயத்தில் சாக்கின் நிறையைக் கழிப்பது அவர் தொழில். "ஆனால் நீதியாப் பார்த்தால் உமலுக்கும் கழிக்கவேணும்."

"உமலும் கழிக்கிறேல்லை, சீலையும் கழிக்கிறேல்லை" என்றார் சேர். என் பக்கம் திரும்பினார். "ஐசே, எங்கடை பெட்டியிலை சதம் எவ்வளவு கிடக்கு?"

கிடந்தது. சம்மாட்டியார் ஒரு பத்து ரூபா நோட்டைத் தந்தார். அதை நான் சதமாக மாற்றிக் கொடுத்தேன். திரும்பவும் நோட்டாக மாற்றுவதற்காகத்தான். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு வீணான மாற்று நான் செய்ததில்லை, இவ்வளவு கவனமாகவும் செய்ததில்லை. உமல்களைத் திரும்பப் பெரிய தராசில் ஏற்றிவிட்டு, பிடி பிடியாகப் போட்டேன். எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. கிட்டத்தட்ட எட்டு ரூபாச் சதம் போனதும் ஊசி ஏறி நின்றது.

"தொண்ணூற்றிரண்டு! சமன்!"

வரிசை முழுக்க "அரோகரா!" என்றது. சேர் சிலுவை போட்டுக்கொண்டார். நாகமுத்தர் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துவிட்டு, "இது முழுப் பிள்ளைதான்" என்றார்.

அதன் பிறகு படிவம். பழைய படிவத்தைச் சேர் கிழித்துவிட்டுப் புதிதாக எடுத்தார். காசு முருகனுடையது என்றால் படிவமும் முருகன் பேரில்தானே இருக்க வேண்டும். உரிமையாளர் பெயர்: முருகன். முகவரி: மலை உச்சி, பழனி. தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோடு போட்டார். பயணத்தின் நோக்கம்: வீடு திரும்புதல். கையொப்பத்தில் 'சார்பாக' என்று எழுதிச் சம்மாட்டியாரிடம் நீட்டினார். நூற்றெழுபத்தேழு ரூபாவுக்கு இந்திய நோட்டு. அதைச் சம்மாட்டியார் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். மூன்று பேரும் ஓடிப்போய் விமானம் ஏறினார்கள். படிக்கட்டில் நாகமுத்தர் கண்ணை மூடிக்கொண்டு போனார்.

பதினாறாம் நாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பழனியைச் சேர்ந்த திரு. முருகன் என்பவருடைய கடவுச்சீட்டு இலக்கம் படிவத்தில் இல்லையாம். கையொப்ப மாதிரியும் வேண்டுமாம். இந்தப் படிவத்தைத் தயாரித்த உத்தியோகத்தரின் விளக்கம் ஒரு கிழமைக்குள் தேவையாம். என் வேலை நிரந்தரமாக ஐந்து நாள் இருந்தது. அன்று சைக்கிளில் திரும்பி வரும்போது நூல் கட்டுகிற முடிச்சையெல்லாம் மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சேர் பதில் எழுதினார். 'படிவத்தைத் தயாரித்தவன் நான். உதவியாளர் சதம் மட்டுமே போட்டார். திரு. முருகன் அவர்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கப்படவில்லை. தொகை அவருக்குக் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டு இத்துடன் உள்ளது.' சம்மாட்டியார் பழனியில் வாங்கி வந்து தந்த பற்றுச்சீட்டு அது. கையொப்ப மாதிரிக்கு என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதே பயணத்தில் சம்மாட்டியார் கொண்டு வந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கடிதத்தோடு குத்தி, 'கையொப்பத்துக்குப் பதிலாக' என்று எழுதினார்.

கொழும்பு அதுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் என் வேலை நிரந்தரமாகியது. நிரந்தரமாக்கி வந்த கடிதத்தில் ஒரு மூலையில் விபூதி ஒட்டியிருந்ததாக நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு. பருத்தித்துறையில் பந்தியில் அருளப்பு சேரும் நானும் பக்கத்துப் பக்கத்தில். எங்களுக்கு எதிரே பொம்பிளை மாப்பிள்ளை. பரிமாறுகிறவர் மங்கையின் இலையில் ஒரு வடை வைத்தார். அவள் அதைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, இன்னொண்டு போடச் சொல்லுங்கோவன்" என்றாள்.

நான் சொன்னேன். வடைத் தட்டு வந்தது. அந்த நேரம் பந்திக்கு அந்தத் தொங்கலில், கடைசி இலையடியில் நின்ற சம்மாட்டியார், பழக்கதோஷம், கையைத் தூக்கிவிட்டார்.

"காணும், கா..."

அருளப்பு சேர் எழும்பினார்.

நானும் எழும்பினேன். என்ன வாசிக்கப் போகிறாரோ என்று பந்தி முழுக்க எச்சில் கையோடு எழும்பியது. மாப்பிள்ளையும் எழும்பினார். மங்கை மட்டும் எழும்பவில்லை, இலையைக் காத்துக்கொண்டு இருந்தாள். சம்மாட்டியாரின் கை பாதியில் நின்றது. அவர் சேரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தூக்கின கையைப் பார்த்தார். பிறகு அதே கையால் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தட்டை அப்பிடியே பிள்ளையின்ரை இலையிலை கவிழும்" என்றார்.

எத்தனை வடை என்று நான் எண்ணவில்லை. நாகமுத்தர் எண்ணியிருப்பார்.